மண்ணைப் பிடித்து நிறுத்தும் புல்!

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். அம்மி பறந்ததை யாரும் பார்த்தது இல்லை. ஆனால் மண் பறப்பதை எல்லோரும் பார்த்து இருக்கிறார்கள். கண்ணில் தூசி விழுந்தால் துடைத்துக்கொண்டு போய்விடுகிறோம். அந்தத் தூசி யாரோ ஒரு குடியானவரின் சோறு என்று நினைப்பது இல்லை.

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் நீண்டு தெரிவது கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் ரோடு வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறது. மேலே போனால் சரிவு எல்லாம் கொல்லைகள். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி விளைகிற பூமி. உயரமான மேடுகளில் புல்வெளியும் சோலைக் காடும் அங்கங்கே மிஞ்சி இருக்கின்றன.

அங்கே கிழங்கு பிடுங்கிய ஒரு கொல்லையைப் பாருங்கள். தரையில் ஒரு பச்சை இல்லை. மண் பொலபொலவென்று கிடக்கிறது. காற்று வந்தால் செம்புழுதி எழும்புகிறது. மழை வந்தால் அதே மண் சிவப்புத் தண்ணீராகக் கீழே ஓடுகிறது. வருஷத்துக்கு வருஷம் கொல்லையில் கல் அதிகமாகிறது. "கல் வளருகிறது" என்று சொல்லுவார்கள். கல் வளரவில்லை. மண் குறைகிறது! மூடி இருந்த மண் போனதும் அடியில் இருந்த கல் வெளியே தெரிகிறது.

இப்படி நிலம் மெல்ல மெல்லச் செத்துப் போவதற்கு "பாலைவனமாதல்" என்று பெயர். "மழை பெய்கிற மலையில் ஏது பாலைவனம்?" என்று கேட்கலாம். பாலைவனம் என்றால் ஒட்டகமும் மணல் மேடும்தான் என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. வறண்ட, பாதி வறண்ட பூமியில் நல்ல நிலம் விளையும் சக்தியை இழந்தால், அதுவும் பாலைவனமாதல்தான். ஐக்கிய நாடுகள் சபை இதைத் தடுக்க 1994-ல் ஓர் ஒப்பந்தம் செய்தது. இந்தியாவும் அதில் சேர்ந்து இருக்கிறது.

நம் நாட்டு நிலவரம் என்ன? இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2021-ல் ஒரு படத் தொகுப்பை வெளியிட்டது. செயற்கைக் கோள் எடுத்த படங்களை வைத்துக் கணக்கிட்டது அது. 2018-19 கணக்குப்படி, நாட்டில் 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் நிலம் கெட்டுப் போய்க்கொண்டு இருக்கிறது. மொத்தப் பரப்பில் இது சுமார் 30 சதவீதம்! தண்ணீர் அரிப்பது முதல் காரணம். செடி கொடி அழிவது அடுத்தது. காற்று அரிப்பது மூன்றாவது.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். தரை மூடி இல்லாமல் கிடப்பது!

மணி பறக்கும், பதர் நிற்கும்!

காற்று எப்படி மண்ணைத் தூக்குகிறது? அது ஒரு வேடிக்கை.

பெரிய கல்லைக் காற்றால் அசைக்க முடியாது. மிக நுண்ணிய தூசியைக்கூட அது நேராகத் தூக்கிவிடுவது இல்லை. நுண்ணிய துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுத்தரமான மணல்தான் முதலில் கிளம்பும். ரவை அளவு மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று தள்ளியதும் அது தத்துகிறது. ஒரு சாண், ஒரு முழம் எழும்பி மறுபடியும் தரையில் விழுகிறது. விழுகிற வேகத்தில் அங்கே இருக்கும் தூசியை அடித்துக் கிளப்புகிறது. இன்னும் நாலு மணலைத் தத்த வைக்கிறது. அந்த நாலும் போய் வேறு இடத்தில் அடிக்கின்றன. கொல்லையின் இந்த ஓரத்தில் தொடங்கிய சங்கதி, அந்த ஓரத்துக்குப் போவதற்குள் பெரும் புழுதியாகிவிடுகிறது!

தத்தும் மணல் அதிக தூரம் போகாது. பக்கத்து வேலியில் தங்கிவிடும். ஆனால் அது கிளப்பிவிட்ட தூசி இருக்கிறதே, அது வானத்துக்கு ஏறிவிடும். பல நூறு மைல் போகும். திரும்பி வராது.

களத்தில் நெல் தூற்றுகிறோம். பதர் பறந்துவிடும். மணி நிற்கும். காற்று மண்ணைத் தூற்றும்போது நடப்பது நேர் தலைகீழ். நுண்ணிய களிமண், மக்கிய இலை தழை, உரச்சத்து ஆகிய மணி எல்லாம் பறந்துவிடும். பருமணலும் சரளையும் ஆகிய பதர் நிற்கும்! ஆகவே நிலத்தின் அளவு குறையாது. பட்டாவில் 2 ஏக்கர் என்றால் 2 ஏக்கர்தான். ஆனால் மண்ணின் குணம் மாறிவிடும். ஈரம் நிற்காது. போட்ட உரம் நிற்காது. ஒரு வாரம் வெயில் அடித்தால் பயிர் சுருண்டுவிடும்.

போன மண் திரும்ப உண்டாகுமா? உண்டாகும். பாறை கரைந்து ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும்! அதுவரை யார் காத்து இருப்பது?

சாமையும் மரவள்ளியும்

மலையில் முன்பு சாமையும் தினையும் அதிகம். சாமையைத் தெளித்து விதைப்பார்கள். நெருக்கமாக முளைத்துத் தரையை மூடிவிடும். அறுக்கும்போது அரிவாளால் தாளை அறுப்பார்கள். வேரும் அடித்தாளும் மண்ணிலேயே நிற்கும். அறுவடை முடிந்த பிறகும் மண்ணுக்கு ஒரு பிடிப்பு உண்டு.

மரவள்ளி அப்படி அல்ல. செடிக்குச் செடி 3 அடி இடைவெளி. முதல் 3 மாதம் இடையில் உள்ள தரை வெயிலையும் மழையையும் நேராக வாங்கிக்கொள்ளும். கடைசியில் கிழங்குக்காகச் செடியையே வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது மண்ணையும் கிளறித்தான் ஆக வேண்டும். சமவெளியில் இதனால் பெரிய கேடு இல்லை. மலைச் சரிவில் இது கதவைத் திறந்து வைத்து வீட்டைவிட்டுப் போவது போல.

அதற்காக மரவள்ளியைத் திட்டிப் பயன் இல்லை. கையில் காசு தருவது அதுதான். சேலம் பக்கத்தில் 1943-ல் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று மரவள்ளி பரவியது. பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசிக்குப் பின்னால் இந்தக் கொல்லைகள்தான் இருக்கின்றன. சாமையை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது என்று ஒரு தகப்பன் சொன்னால் அது நியாயமே. கிழங்கை விடாமல் மண்ணை நிறுத்த வழி உண்டா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இது மலைவாசிகளின் கவலை மட்டும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கக் கூடாது. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் பிறப்பது இந்த மலையில்தான். கோமுகி அணை 1965-ல் கட்டியது. மணிமுக்தா அணை 1970-ல் கட்டியது. மலையில் கரைகிற மண் எங்கே போகும்? அணையின் அடிவயிற்றில் படியும். அங்கே ஒரு வண்டி மண் சேர்ந்தால் ஒரு வண்டி தண்ணீருக்கு இடம் இல்லை!

அமெரிக்காவில் பட்டப்பகலில் இருட்டு!

புல்லைப் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டிய நாடு அமெரிக்கா.

அந்த நாட்டின் நடுவில் கடல் போலப் புல்வெளி இருந்தது. முதல் உலகப் போரில் கோதுமைக்கு நல்ல விலை வந்தது. டிராக்டர் வந்தது. லட்சக்கணக்கான ஏக்கர் புல்லைப் பெயர்த்து உழுதார்கள். சில வருஷம் பணம் கொட்டியது. 1931-ல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கோதுமை கருகியது. வெறும் உழவு நிலம் காற்றுக்கு முன்னால் கிடந்தது.

1934 மே மாதம் எழும்பிய புழுதி நியூயார்க் நகரத்தின் மேல் விழுந்தது. அட்லாண்டிக் கடலில் போன கப்பல்களின் மேல்தளத்திலும் விழுந்தது! 1935 ஏப்ரல் 14-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. மலை போல் கறுப்புச் சுவர் ஒன்று நகர்ந்து வந்தது. பகல் இரவாகிவிட்டது. முகத்துக்கு எதிரே நீட்டிய கை தெரியவில்லை. அந்த நாளைக் "கறுப்பு ஞாயிறு" என்று இன்றும் சொல்லுகிறார்கள். 1940-க்குள் சுமார் 25 லட்சம் பேர் அந்தப் பகுதிகளைவிட்டு வெளியேறினார்கள்.

ஹக் பென்னெட் என்ற மண் நிபுணர் பல வருஷமாக எச்சரித்துக்கொண்டு இருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. அந்த வசந்த காலத்தில் அவர் வாஷிங்டனில் செனட் சபைக் குழுவின் முன் பேசிக்கொண்டு இருந்தபோது, வெளியே வானம் புழுதியால் மங்கியது. புழுதி வருகிற நேரம் தெரிந்து வேண்டும் என்றே பேச்சை நீட்டினார் என்றும் சொல்லுவார்கள். எப்படியோ, அதே ஏப்ரல் 27-ந் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வடக்கே டகோட்டாவில் இருந்து தெற்கே டெக்சாஸ் வரை வரிசை வரிசையாகக் காற்றுத்தடுப்பு மரங்கள் நட்டார்கள். நட்டவை சுமார் 22 கோடி!

பொன் இலை கொடுத்த மரம்

மணிமுத்தாறு மலையில் இருந்து இறங்கி விருத்தாசலத்துக்குப் போகிறது. அங்கே பழமலைநாதர் கோவிலின் தல விருட்சம் வன்னி மரம். கோவில் கட்டியபோது விபசித்து முனிவர் வேலையாட்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அந்த இலை பொன்னாக மாறியது. இப்படிச் சொல்லுகிறது தல புராணம்.

இந்த வன்னியைப் பொன்னாகவே நினைக்கிற ஊர் வேறு ஒன்று உண்டு. ராஜஸ்தான் பாலைவனம்! அங்கே இதற்குக் கேஜ்ரி என்று பெயர். கோடையில் எல்லாச் செடியும் வாடும்போது வன்னி துளிர்க்கும். இலை ஆட்டுக்கு. காய் மனிதருக்குக் கறி. வேர் மிக ஆழத்துக்குப் போவதால், மரத்தின் கீழே பயிர் வைத்தாலும் கெடுதல் இல்லை.

ஜோத்பூர் பக்கத்தில் 1730-ல் நடந்ததைக் கேளுங்கள். அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட வேண்டும். அதற்கு விறகு வெட்டக் கேஜர்லி கிராமத்துக்கு ஆட்கள் போனார்கள். அம்ரிதா தேவி என்ற பெண்மணி வன்னி மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மரத்தோடு அவரையும் வெட்டினார்கள். பிஷ்ணோய் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். 363 பேர் உயிர் விட்டார்கள்! செய்தி கேட்ட மன்னர் வெட்டுவதை நிறுத்தினார்.

அதே ஜோத்பூரில் 1952-ல் பாலைவனத்தில் மரம் வளர்க்க ஒரு நிலையம் ஏற்பட்டது. 1959-ல் அது மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. ஓடும் மணல் மேட்டை நிறுத்த அவர்கள் செய்தது மிகச் சாதாரண வேலை. முள்ளையும் மிலாறையும் வெட்டி மணலில் வரிசையாக ஊன்றினார்கள். காற்றுக்குக் குறுக்கே சில அடிக்கு ஒரு வரிசை. மணல் தத்த முடியாமல் நின்றது. நின்ற மணலில் மரக்கன்று வைத்து, நடுவில் புல் விதைத்தார்கள்.

அவர்கள் தேர்ந்து எடுத்த புல் வகைகளில் ஒன்று அஞ்சன் புல். இது என்னவோ வடநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல்தான் அது!

காங்கேயம் காளையின் ரகசியம்

கொழுக்கட்டைப் புல்லை வைத்து நிலத்தைக் காப்பாற்றும் வித்தை தமிழ்நாட்டிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. கல்வராயன் மலைக்குத் தென்மேற்கே கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் பார்க்கலாம்.

அந்தப் பூமி மழை மறைவு நாடு. சரளை மண். மேற்கே பாலக்காட்டுக் கணவாய். வைகாசியில் தொடங்கி அதன் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வரும். இன்று அங்கே காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தை உழுது போட்டு வைத்தால் என்ன மிஞ்சும்? அந்தக் குடியானவர்கள் அதைச் செய்யவில்லை. நிலத்தைச் சில ஏக்கர் துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டையும் சுற்றி முள்ளுக்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். இதற்குக் கொறங்காடு என்று பெயர்.

வேலிக்குக் கம்பி வேண்டாம், கல்லுக்கால் வேண்டாம். கிளுவைப் போத்தை வெட்டி மழைக்கு முன் நட்டால் தழைத்துவிடும். பார்ப்பதற்கு அது மாட்டை மறிக்கிற வேலி. உண்மையில் அது காற்றையும் மறிக்கிற வேலி! ஒரு வேலி தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். 6 அடி வேலி என்றால் 60 அடி. இதில் ஒரு நுட்பம் உண்டு. மதில் சுவரைவிட இலைவேலியே மேல். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும். இலைவேலியில் காற்று வடிகட்டி நுழையும். அதனால் சுழல் எழாது.

மாடுகளை ஒரே கொறங்காட்டில் வருஷம் முழுவதும் விடமாட்டார்கள். ஒன்றில் மேய்ந்தால் மற்றொன்று ஓய்வெடுக்கும். மழைக்குப் பிறகு புல் தலையெடுக்க அவகாசம் கொடுப்பார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் தூர் சாகாது. மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் வெள்வேலங்காய் உதிரும். ஆடுகளுக்கு அது பலகாரம். உலகம் புகழும் காங்கேயம் காளை இந்தக் கொறங்காட்டில் வளர்ந்ததுதான்.

வருத்தம் என்னவென்றால், கொறங்காடுகளும் குறைந்து வருகின்றன. வீட்டு மனைக்கும் ஆலைக்கும் நிலம் போகிறது. வேலி கட்டத் தெரிந்த கைகளும் குறைகின்றன.

மலைக்கு எது ஏற்றது?

கொறங்காட்டை அப்படியே பெயர்த்துக் கல்வராயன் மலையில் வைக்க முடியாது. அங்கே மண் வேறு, சரிவு வேறு. காற்றைவிட மழையே அதிக மண்ணைக் கொண்டு போகிறது. ஆனால் உயிர்வேலி என்ற யோசனை அங்கேயும் செல்லும். சுற்றிலும் கட்டுவதற்குப் பதிலாகச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு ஏற்ற புல் வெட்டிவேர். தண்ணீர்ப் பானையில் வாசனைக்குப் போடுகிறோமே, அதே வேர்தான். பக்கத்தில் படராது. நேராகப் பத்தடி ஆழம்கூட இறங்கும். சரிவில் ஓடிவரும் தண்ணீர் அந்தப் புல்வரிசையில் முட்டி வேகம் குறையும். தூக்கி வந்த மண்ணை அங்கே போட்டுவிட்டு வடியும். சில வருஷத்தில் வரிசைக்கு மேலே தானாகவே ஒரு படி உண்டாகும். கிழங்கும் நடலாம், கேழ்வரகும் விதைக்கலாம். காற்றில் தத்தும் மணலும் அதே வரிசையில் நின்றுவிடும்.

வரிசை நேர்மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஒரே மூலையில் சேர்ந்து உடைத்துக்கொண்டு ஓடும். மட்டம் பார்க்க என்ஜினீயர் தேவை இல்லை. சம நீளத்தில் இரண்டு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி நிறுத்துங்கள். இடுப்பில் குறுக்கே ஒரு கழி கட்டுங்கள். உச்சியில் இருந்து ஒரு கயிறு விட்டு, நுனியில் கல் கட்டித் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கழியின் சரியான நடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அங்கே ஒரு முளை அடித்துவிட்டு, ஒரு காலை ஊன்றியபடி மறு காலைத் திருப்பி வைத்து அடுத்த மட்டம் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு காலை நேரத்தில் ஒரு கொல்லையை அளந்துவிடுவார்கள்!

சமவெளிக் குடியானவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று கோடை உழவைப் புகழ்ந்தார்கள். அந்தக் காலத்து நாட்டுக் கலப்பை மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடும். கட்டி காற்றுக்கு அசையாது. மழையையும் உள்ளே வாங்கும். இந்தக் காலத்து ரோட்டவேட்டர் மண்ணை மாவாக அரைத்துவிடுகிறது. அந்தப் புழுதியைக் கோடைக் காற்றில் போட்டு வைத்தால் தங்கம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்! கோடையில் கட்டி தங்கும்படி, சரிவுக்குக் குறுக்கே உழுவதே நல்லது.

இவ்வளவும் சுலபமாக இருக்கும்போது ஏன் எல்லோரும் செய்யவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது அநியாயம். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலையாளி என்று அழைக்கப்படும் அந்தப் பழங்குடி மக்கள் ஜாகிர்தார்களுக்குக் கூலி இல்லாமல் உழைத்தார்கள். 1976-ல்தான் மலை முழுவதும் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது. காட்டு நிலத்தில் உழுது பிழைக்கும் பழங்குடி மக்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. நிலம் தன் பெயரில் இல்லாதவர், மூன்று வருஷம் கழித்துப் பலன் தரும் வேலியை எந்தத் தைரியத்தில் நடுவார்? ஒரு துண்டுக் காகிதம் அவர் கைக்குப் போனால், புல் நடும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

மீதிப் பாதிக்கு ஆகும் செலவு குறைவு. வெட்டிவேர்த் தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்க வேண்டும். மழை பிடித்ததும் நாலு விரற்கடைக்கு ஒன்றாக நட வேண்டும். ஓர் ஆள் உயரம் சரிவு இறங்கினால் அடுத்த வரிசை. இடையில் செத்துப் போன இடங்களை மறு வருஷம் நிரப்ப வேண்டும். ஓட்டை விட்டால் தண்ணீர் அதைத்தான் தேடிப் பிடிக்கும். வேருக்கு விலை வருகிறது என்று யாரும் தோண்டி விற்றுவிடக் கூடாது. முதல் இரண்டு வருஷம் ஆட்டை அந்தப் பக்கம் விடக் கூடாது. வேலி அடர்ந்த பிறகு நுனியை நறுக்கி மாட்டுக்குப் போடலாம். முற்றிய தாள் கூரைக்கு ஆகும்.